சப்பரத்துக்குப் பிறகு ஓடிய படம்

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் திண்டுக்கல் நாகல் நகரில் வீடியோக்காரன் பவுல்ராஜ் என்றால் கொஞ்சம் கிராக்கிதான். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயரையோ பங்குச் சாமியாரையோ இடித்துத் தள்ளாமல், சொந்தக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நந்தி மாதிரி நிற்காமல் வேலை பார்க்கிற ஒரே ஆள் என்று பேர் எடுத்திருந்தான். அழுகிற பெண்ணை அழவிட்டு எடுப்பான். ‘சிரிங்க, சிரிங்க’ என்று உயிரை வாங்க மாட்டான். ஆனால் அவனைக் கேட்டால் அந்தத் தொழிலை ஒரு பொருட்டாகவே சொல்ல மாட்டான். வயசு இருபத்தெட்டு. மனசு வேறு ஒரு படத்தில் கிடந்தது.

அந்தப் பித்து மதுரையில் பிடித்தது. வெளிநாட்டுப் படங்கள் போட்டுக் காட்டுகிற ஒரு சின்னக் கூட்டத்துக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒருநாள் போயிருந்தான். படத்தில் கதை இல்லை, பாட்டு இல்லை. ஒருத்தன் தூங்குகிறான், இன்னொருத்தன் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்கிறான், அம்புட்டுத்தான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். பவுல்ராஜ் அசையவில்லை. தூங்குகிறவனை மற்றவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவனுக்குத் தெரிந்த பார்வை. தான் ஒருத்தன் மட்டும்தான் இப்படிப் பிறந்து தொலைத்திருக்கிறோம் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு மனுஷன் இதைக் கூச்சப்படாமல் காமிராவில் பிடித்து வைத்திருக்கிறான். திண்டுக்கல் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கர்ச்சீப் நனைகிற மட்டும் அழுதுகொண்டே வந்தான்.

அதற்கப்புறம் பழனிப் பக்கம் ஆயக்குடியில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அண்ணன் ஆனந்த்ராஜ், கொய்யாத் தோட்டக்காரர் சடையாண்டியின் மகன். காமிராவுக்கு லைட் பிடிக்க ஆள் வரவில்லை என்றதும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே லைட்டைத் தூக்கிப் பிடித்தான். பவுல்ராஜ் பார்த்தது பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொஞ்சம்தான். கேசட்டைக் கொடுக்கப் போனான், பிறகு ஆல்பத்தைக் கொடுக்கப் போனான், பிறகு எதையும் கொடுக்காமலே போனான். இப்படித்தான் அது ஆரம்பித்தது. எல்லாரையும் போலத்தான், அதில் என்ன புதுசு இருக்கிறது.

முதலில் ‘அண்ணா’ என்று கூப்பிட்ட ஆனந்த்ராஜ், பிறகு ‘ஏனுங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அவர்கள் பக்கத்தில் பெண்டாட்டிதான் புருஷனை அப்படிக் கூப்பிடுவாள். பவுல்ராஜ் ‘ஏலே, நாலு பேருக்கு நடுவுல அப்படிக் கூப்பிடாதடா’ என்று பல்லைக் கடிப்பான். அவன் வேண்டுமென்றே கடைவாசலில் நின்று, ‘ஏனுங்க, டீ குடிக்கலாமுங்களா’ என்பான். கேட்கிறவர்களுக்கு அது கொங்கு மரியாதை. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் அது வேறு.

பவுல்ராஜின் அம்மா ஜெயமேரி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் போனபிறகு ஒற்றைப் பிள்ளையை வைத்து ஆளாக்கியவள். ஆனந்த்ராஜ் திண்டுக்கல்லுக்கு லோடு ஏற்றி வரும்போதெல்லாம் ஒரு பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவான். ‘டீச்சரம்மா, சோத்துக்கு வெஞ்சனம் என்னங்க’ என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் நுழைகிற அளவுக்கு உரிமை. அவளுக்கும் அவனைப் பிடிக்கும். சின்ன வயசில் மோட்டார் பெல்ட்டில் மாட்டி அவனுடைய வலது கட்டைவிரல் நகம் பிளந்து, நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டாக வளர்ந்திருக்கும். அந்த விரலோடு அவன் சோற்றைப் பிசைவதைப் பார்த்து, ‘சாமிக்கே அவசரம்போல தம்பி, ஒரு விரல்ல ரெண்டு நகத்தை வச்சு அனுப்பிட்டாரு’ என்று கேலி செய்வாள். பழம் வந்து சேர்ந்தது என்று அவன் அம்மா பழனியம்மாளுக்குப் போன் போட்டுச் சொல்கிற பழக்கமும் வைத்திருந்தாள்.

படம் எடுக்க வேண்டும் என்று பவுல்ராஜ் சொன்னபோது ஆனந்த்ராஜ் முதலில் சிரித்தான். நிஜமாகத்தான் சொல்கிறான் என்று தெரிந்ததும் பயந்தான். ரொம்ப நாள் கெஞ்சினபிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். அவன் முகம் வரக்கூடாது, இந்த ஜில்லாவில் ஒரு குஞ்சு குருவிகூட அதைப் பார்க்கக்கூடாது. பவுல்ராஜ் அவன் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தான். அப்படி ஒரு சத்தியத்தைச் செய்யும்போது அவன் மனசாரத்தான் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது.

தோட்டத்து மோட்டார் ரூமில் இரண்டு பகல் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு எடுக்கிற அதே காமிரா. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு பவுல்ராஜ் தானே போய் ஆனந்த்ராஜின் பக்கத்தில் நின்றுகொண்டான். வேறு யாரை நம்புவது. தொட்டித் தண்ணீரில் நாலு கைகள் ஒன்றையொன்று சேறு போகக் கழுவுகின்றன. ஒரு கட்டைவிரல் கொய்யாவைப் பிளந்து மிளகாய்ப்பொடி தடவுகிறது. மச்சம் இருக்கிற ஈர முதுகில் ஊர்ந்து போகிற கட்டெறும்பை ஒரு கை மெதுவாகத் தட்டிவிட்டு, வேலை முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிறது. பிறகு தோள்மேல் ஒரு வாய், வாய் மட்டும். சத்தம் என்று பார்த்தால் மோட்டார் ஓடுகிற சத்தம்தான். ஒன்பது நிமிஷப் படத்தில் முகம் என்று ஒன்று கிடையாது.

மெட்ராஸில் பிரிஸ்கில்லா என்று ஒரு அம்மா, இந்த மாதிரிப் படங்களாகத் தேடிப் பிடித்து ஒரு வாடகை ஹாலில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மதுரைக் கூட்டத்தில் கிடைத்த பழக்கம். பவுல்ராஜ் கூரியரில் ஒரு கேசட்டை அனுப்பினான். பார்த்துவிட்டுப் போனில் பிடித்துக்கொண்டார். அடுத்த திரையிடலில் இதுதான் முதல் படம் என்றார். முகத்தைக் காட்ட மறுத்ததுதான் இந்தப் படத்தின் அரசியல், அது பெரிய துணிச்சல் என்று இங்கிலீஷும் தமிழுமாகக் கொட்டினார். பவுல்ராஜ் ‘ஆமாங்க மேடம், ஆமாங்க மேடம்’ என்று தலையாட்டினான். என்ன அரசியல், என்ன துணிச்சல். பயத்தில் தலையை வெட்டினது. ஆனாலும் ஒருத்தர் வாயால் அப்படிக் கேட்க அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

வினை எங்கே வந்தது என்றால், அந்தக் கேசட்டை அனுப்புவதற்கு முன்னால் அவன் செய்த ஒரு வேலையில் வந்தது. வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டால், மிச்சத்தை வெறுமனே விட மாட்டார்கள். நாலைந்து சினிமாப் பாட்டை ஏற்றி நிரப்பித்தான் கொடுப்பார்கள். வெறும் கேசட் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். கை அப்படியே பழகிவிட்டது. மாதா கோயில் திருவிழாச் சப்பரப் பவனியை அந்த வருஷமும் பவுல்ராஜ்தான் எடுத்திருந்தான். அந்தக் கேசட்டின் வாலில் இடம் கிடந்தது. தன் படத்தைக் கேசட்டில் ஏற்றினால் கலர் எப்படி வருகிறது என்று பார்க்க, புதுக் கேசட்டைக் கெடுப்பானேன் என்று அந்த வாலில் ஏற்றிப் பார்த்தான். பிறகு அதன்மேல் மாதா பாட்டுகளை ஏற்றி அழித்துவிடலாம் என்று நினைத்தான். ஆவணி மாசம், முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். மறந்துபோனான். மேலட்டையில் ஏதாவது குறித்து வைத்தால் யாராவது என்ன என்று கேட்பார்களே என்று குறிக்காமலும் விட்டான். எழுதித் தொலைத்திருக்கலாம் பாவி.

அவன் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, லோக்கல் கேபிள் நடத்துகிற பெரியகருப்பன் கடைக்கு வந்து சப்பரக் கேசட்டைக் கேட்டிருக்கிறார். வருஷா வருஷம் கேட்பதுதான். கடையில் போட்டோ வேலை பார்க்கிற ரொனால்டு அலமாரியில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேசட்டைப் போட்டுவிட்டுப் பெரியகருப்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். ஊரில் பாதிக் கிறிஸ்தவ வீடுகளில் டி.வி.க்கு முன்னால் ஆட்கள். சப்பரத்தில் மாதாவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, மெழுகுவர்த்தி பிடித்துப் போகிற கூட்டத்தில் தன் தலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் சாமியார் கொடுக்கிற நற்கருணை ஆசீரும் முடிந்தது. எழுந்து போகச் சோம்பல்பட்டு எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் சத்தத்தோடு அடுத்த படம் ஓடியது, முழுசாக.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரொனால்டு ஸ்டாண்டில் வந்து காத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பவுல்ராஜ் காமிராப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ரொனால்டு ஏதோ சொல்லிக்கொண்டே போனான். ஆம்பிளையும் ஆம்பிளையும் கருமம், சப்பரத்துக்குப் பின்னால போய் இப்படி, பங்குல இருந்து ஆள் வந்துட்டாங்க, பெரியகருப்பன் போலீஸ் கேஸாயிரும்னு கிடந்து குதிக்கிறாரு.

மறுநாள் மாதா கோயில் பங்குப் பேரவை ஆட்களும் பெரியகருப்பனும் கடையில் வந்து நின்றபோது பவுல்ராஜ் பதில் தயாராக வைத்திருந்தான். மதுரையில் பழைய கேசட் வாங்கினேன், எவனோ எதையோ பதிஞ்சு வச்சது அடியில கிடந்திருக்கு, நான் கவனிக்கல என்றான். பழைய கேசட்டுமேல் பதிவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் நம்பிவிட்டார்கள். நாலு திட்டுத் திட்டிவிட்டு, அடுத்த வருஷம் புதுக் கேசட்தான் போட வேண்டும் என்று கண்டிஷன் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியகருப்பன் கேபிளில் மன்னிப்பு ஓட விட்டார். ஊர் மூன்று நாள் காறித் துப்பியது, டீக்கடையில் உட்கார்ந்து கூத்தடித்தது. முகம் இல்லாத ஆட்களை எத்தனை நாள்தான் பேச முடியும். தப்பித்தோம் என்று பவுல்ராஜ் மூச்சு விட்டான். ஆனந்த்ராஜுக்குப் போன் போட்டுச் சொல்லவில்லை. சொல்லி என்னத்துக்கு, முடிந்துபோன கதைதானே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

ஜெயமேரி அந்த மூன்று நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாளோடு உட்கார்ந்து அவளும்தான் பார்த்திருக்கிறாள். ‘உங்கம்மா செத்த நேரம் அப்படியே வெறிச்சுப் பார்த்துட்டு, எந்திரிச்சுப் போயி அமத்திட்டா’ என்று லூர்தம்மாள் அவனிடம் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் என்று அவன் விட்டுவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பள்ளிக்கூடத்துச் சேலையைக்கூட மாற்றாமல் போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மாட்டியிருந்தாள். அவனை உட்காரச் சொன்னாள். அந்தக் கேசட்டில் இருந்தது ஆயக்குடித் தம்பி என்றாள். நகத்தைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்றாம். இத்தனை நாள் நம் வீட்டில் கைநனைத்த பிள்ளை, அது எனக்குத் தெரியாதா என்றாள். அவனைப் பெற்றவர்களுக்கு இது தெரிய வேண்டும், கெட்டுச் சீரழிவதற்கு முன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளட்டும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நாளைக்கு ஆண்டவர் முன்னால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாள். வகுப்பில் பாடம் நடத்துகிற குரல். தடுமாற்றமே இல்லை.

யாரோ எவனோ, நகம் எத்தனையோ பேருக்கு அப்படி இருக்கும், நமக்கெதுக்கும்மா, விட்டுத்தள்ளு என்றான் பவுல்ராஜ். அவள் கேட்டுக்கொண்டே ரிசீவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவங்க அப்பா வெட்டிப்போடுவாரும்மா என்றான். வெட்டமாட்டார், அடிப்பார், அடிக்கட்டும் என்றாள்.

பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கூட இருந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா அப்பு?”

ஒரே ஒரு வார்த்தை. ‘நான்தாம்மா’ என்று சொல்லியிருந்தால் அவள் ரிசீவரை வைத்திருப்பாள். தன் பிள்ளையின் பேர் அடிபடும் என்று தெரிந்தால் எந்தத் தாய் அந்த நம்பரைச் சுற்றுவாள். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தான். ஆனந்த்ராஜின் தலையில் வைத்த கை இப்போது அவன் தொடைமேல் கிடந்தது. ஊர் தெரிந்தது, கடை தெரிந்தது, கோயிலில் தன்னைக் கண்டதும் ஒதுங்குகிற சனம் தெரிந்தது, அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவது தெரிந்தது. ஆனந்த்ராஜ் மட்டும் அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் அவசரப்படவில்லை. அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள்.

“தெரியாதும்மா” என்றான்.

அவள் நம்பரைச் சுற்றினாள். சடையாண்டிதான் எடுத்தார். முதலில் சௌக்கியம் விசாரித்தாள். பிறகு பதமாக, மனசு நோகாமல், ஒரு டீச்சர் தகப்பனைக் கூப்பிட்டுப் பையனின் மார்க்கைச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். கூட இருந்த ஆள் யாரோ வெளியூர்க்காரனாம், எங்களுக்குத் தெரியவில்லை என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“இனிமே சட்டையில்லாம பின்னாடி கொல்லையில நிக்காத. முதுகுல இருக்கற அந்த மச்சம் லூர்தம்மா கண்ணுக்குத் தெரியும். சாப்பிடு.”

அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் மூன்று நாள் யோசித்திருக்கிறாள். கெட்ட மனசுக்காரி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. தன் பிள்ளை தப்ப வேண்டும், அந்தப் பழக்கம் அறுபட வேண்டும், அதற்கு இன்னொருத்தி பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டாள். அவன் சாப்பிட்டான். அதுதான் கொடுமை, கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துச் சாப்பிட்டான்.

ஆனந்த்ராஜ் சங்கதி மார்க்கெட்டுக்குப் பழம் ஏற்றி வருகிற லாரிக்காரர்கள் மூலமாகத்தான் வந்தது. சடையாண்டி மகனைத் தோட்டத்தில் வைத்து மாட்டை அடிக்கிற மாதிரி அடித்தாராம். காரணம் யாருக்கும் தெரியவில்லை, ஏதோ பணத்தைத் தொட்டுவிட்டான் போல என்று பேசிக்கொண்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற மாமன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாராம், தை மாசம் மாமன் மகளோடு கல்யாணமாம். பவுல்ராஜ் ஆயக்குடிப் பக்கமே போகவில்லை. பழனி ரோட்டுக் கல்யாணங்கள் வந்தால் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பினான்.

மெட்ராஸில் படம் ஓடியது. பிரிஸ்கில்லா மேடம் மறுநாள் கூப்பிட்டு, கைதட்டல் அடங்கவே இல்லை, இரண்டு பையன்கள் கடைசியில் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நீங்கள் வந்திருக்க வேண்டும் பவுல்ராஜ் என்றார். அடுத்து பெங்களூரில் கேட்கிறார்கள், பேர் என்ன போடட்டும் என்று கேட்டார். பேர் வேண்டாம் மேடம் என்றான். அதுவும் ஒரு துணிச்சல்தான் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, கடையில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான். கடையில் ஒருத்தரும் இல்லை.

கார்த்திகை மாசத்தில் ஒருநாள் காலை, கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுத்ததும் பின்னால் தறி மாதிரி மிஷின் ஓடுகிற சத்தம்.

“ஏனுங்க, நான்தானுங்க.”

ஆனந்த்ராஜ் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடாமல் பேசினான். மாமனுக்குத் தெரியாமல் பேசுகிறேன் என்றான். கை இப்போது பரவாயில்லை, தூக்க முடிகிறது என்றான். என்ன கை, எந்தக் கை என்று பவுல்ராஜ் கேட்கவில்லை. கேசட் எப்படி வெளியே வந்தது என்று அவனும் கேட்கவில்லை, அதைப் பற்றி ஒரு குத்தல் பேச்சுக்கூட இல்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுதான் கவலையாக இருந்தது என்றான்.

“எங்கப்பன் அந்த இன்னொருத்தன் யாரு யாருன்னு கேட்டுக் கேட்டுத்தானுங்க அடிச்சாரு. நான் சொல்லலீங்க. கடைசி வரைக்கும் சொல்லலீங்க.”

பவுல்ராஜ் கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. பிறகு ஆனந்த்ராஜ், கேட்கலாமா வேண்டாமா என்று இழுத்து இழுத்து ஒன்று கேட்டான்.

“டீச்சரம்மாதான் எங்கூட்டுக்குப் போன் பண்ணுனாங்களாமா. நீங்க அப்ப ஊட்ல இல்லதானுங்களே? இருந்திருந்தா உட்ருக்க மாட்டீங்கன்னு நான் தினமும் நெனச்சுக்குவேனுங்க.”

வாசலில் ரொனால்டு சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டு எரிந்தது.

“இல்லலே” என்றான் பவுல்ராஜ். “நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல.”

“அதானுங்க” என்றான் ஆனந்த்ராஜ். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. “எனக்குத் தெரியுமுங்க.”

மாமன் வருகிற சத்தம் கேட்டிருக்கும் போல. சொல்லிக்கொள்ளாமலே போனை வைத்துவிட்டான்.